மூளை வீணைக்குச் சுருதி கூட்டுவது எது?

ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டுவருவோம். மாலை வேளை. விறாந்தையில் சாய்மனைக் கதிரையிலே பாட்டனார் அமர்ந்திருக்கிறார். நெடுங்காலம் ஆசிரியராயிருந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த அவருடைய கை, இப்பொழுது மடிமீது சும்மா கிடக்கும்போதும் நடுங்குகிறது. அருகிலிருக்கும் தேநீரை எடுக்க நினைத்தாலும் கை உடனே எழுவதில்லை. முகத்திலே பழைய சிரிப்பு மலர்வதில்லை. "அப்புவுக்கு எங்கள் எல்லோர் மீதும் கோபம் போலும்" என்று வீட்டார் தமக்குள் குறைப்பட்டுக்கொள்கின்றனர். உள்ளே அறையில் பேத்தி படித்துக்கொண்டிருக்கிறாள். மறுநாள் பரீட்சை. ஆறு மாதப் பாடத்தையும் ஒரே இரவில் விழுங்கிவிடுவது அவளுடைய திட்டம்.

பாட்டனாரின் நடுக்கத்துக்கும் பேத்தியின் படிப்புக்கும் தொடர்பு யாது என வாசகர்கள் வினவலாம். இரண்டும் மூளையிலுள்ள ஒரே வகையான இடத்தோடு தொடர்புடையவை. அவ்விடம், ஒரு நரம்புக் கலம் மற்றொரு நரம்புக் கலத்தோடு பேசுகின்ற நுண்ணிய சந்தியாகும். அச்சந்தியின் இரகசியங்களைக் கண்டறிந்தமைக்காகவே 2000 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நொபெல் பரிசு மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. சுவீடன் நாட்டவரான அர்விட் கார்ல்சன், அமெரிக்கரான போல் கிறீன்காட், வியன்னா நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எரிக் கண்டெல் என்போரே அம்மூவர். ஒருவர் முயல்களை ஆராய்ந்தார். ஒருவர் மூளையின் இரசாயனத்தை ஆராய்ந்தார். மற்றவரோ கடல் நத்தை ஒன்றை ஆராய்ந்தார். வழிகள் வேறாயினும் அவர்கள் வந்து சேர்ந்த உண்மை ஒன்றே. அதனை இங்கு ஆராய்வோம்.

கனவில் வந்த விடை

வளர்ந்த மனிதனின் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. இவை கயிறோடு கயிறு முடிச்சிட்டாற்போல ஒட்டிக்கிடப்பவை அல்ல. பெரும்பாலும், ஒன்றன் நுனிக்கும் அடுத்ததன் மேற்பரப்புக்கும் இடையே ஒரு சிறு வெளி உண்டு. ஒரு மில்லிமீற்றரை 50,000 பங்குகளாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அவ்வெளியின் அகலம். இச்சந்திக்கு 1897 ஆம் ஆண்டில் சினப்ஸ் என்னும் பெயர் வழங்கலாயிற்று. தமிழிலே நாம் அதனை நரம்பிணைப்பு என்கிறோம்.

நரம்பின் வழியே ஓடி வருவது ஒரு மின்துடிப்பு. அஃது இவ்வெளியைத் தாண்டுவது எங்ஙனம்? 1921 ஆம் ஆண்டிலே, ஒஸ்திரியாவின் கிராஸ் நகரிற் பேராசிரியராயிருந்த ஒற்றோ லோவி என்பவருக்கு இவ்வினாவின் விடை உறக்கத்திற் கிடைத்தது. நள்ளிரவில் விழித்தெழுந்து, தமக்குத் தோன்றிய பரிசோதனையைத் தாளிற் குறித்துவைத்தார். விடிந்தபின் அவ்வெழுத்தை அவராலேயே வாசிக்க முடியவில்லை! அடுத்த இரவும் அதே எண்ணம் தோன்றிற்று. இம்முறை அவர் தாளைத் தேடவில்லை. நேரே ஆய்வுகூடத்துக்குச் சென்றுவிட்டார்.

இரு தவளைகளின் இதயங்களை எடுத்து, முதலாவது இதயத்தின் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்புத் தளர்ந்தது. அவ்விதயத்திலிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்துக்கு இட்டார். இந்த இரண்டாவது இதயத்தின் நரம்பை எவரும் தொடவில்லை; எனினும் அதன் துடிப்பும் தளர்ந்தது. நரம்பு ஓர் இரசாயனப் பொருளைச் சுரந்தே தன் செய்தியைச் சொல்கிறது என்பது இதனாற் புலனாயிற்று. 1936 ஆம் ஆண்டின் நொபெல் பரிசு லோவியையும் ஆங்கிலேயரான ஹென்றி டேலையும் சேர்ந்தது.

மீட்டும் விரலும் திருகும் பிருடையும்

மின்துடிப்பு நரம்பின் நுனியை அடைந்ததும், அங்குள்ள வாயில்கள் திறந்து கல்சியம் உட்புகுகிறது. கல்சியம் புகுந்த அக்கணமே, நுனியில் அடுக்கிவைத்தாற்போல் இருக்கும் நுண்பைகள் சில வெடித்து, தம்முள் இருக்கும் இரசாயனத் தூதை வெளியிடுகின்றன. குளூட்டமேற்று என்பது மூளையிலே மிகுதியாகப் பயன்படும் அத்தகைய தூது. அது வெளியைக் கடந்து, எதிர்க்கரையிலுள்ள ஏற்பி என்னும் புரதத்தைச் சேர்கிறது. உடனே அங்கும் ஒரு வாயில் திறக்கிறது. அடுத்த கலம் தூண்டப்படுகிறது. ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு, அல்லது அதனிற் சிறிது கூடிய நேரத்தில் இவ்வளவும் நடந்தேறிவிடுகின்றன. முள் குத்தியதும் காலை இழுப்பதும், பெயர் சொல்லி அழைத்ததும் திரும்பிப் பார்ப்பதும் இவ்விரைவுப் பேச்சின் செயல்களே.

மூளையின் பேச்சு இவ்வளவுதானா? நெடுங்காலம் அறிஞர் பலர் அவ்வாறே எண்ணினர். ஆனால் வீணையை உற்று நோக்குங்கள். தந்தியை மீட்டும் விரல் ஒன்று. பிருடையைத் திருகிச் சுருதி கூட்டும் கை பிறிதொன்று. மீட்டும் விரல் கணத்துக்குக் கணம் ஒலியை எழுப்புகிறது. பிருடையைத் திருகும் கை தானாக ஒலியொன்றும் எழுப்புவதில்லை. ஆயினும் இனி எழும் ஒவ்வோர் ஒலியும் எப்படி இருக்கவேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. மூளையிலும் இவ்விரு செயல்களும் உள. டோபமைன், செரற்றோனின், நோரட்ரினலின் முதலிய தூதுகள் பெரும்பாலும் பிருடையைத் திருகுகின்ற கைகளாகும். அவற்றின் வேலை செக்கன்களிலே தொடங்கி, நிமிடக் கணக்கிலும் சிலவேளை மணிக்கணக்கிலும் நீடிக்கிறது.

இம்மெதுவான தூது கலத்துக்குள் நுழைவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. தபாற்காரர் படலையில் மணியடித்துத் தந்தியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். வாங்கியவர் உள்ளே ஓடிச் சொல்கிறார். கேட்டவர் அடுக்களைக்குச் சொல்கிறார். சற்று நேரத்தில் விருந்தினரை வரவேற்க வீடு முழுவதும் ஆயத்தமாகிவிடுகிறது. அதுபோலவே, வெளியேயிருந்து வரும் டோபமைன் ஏற்பியைத் தட்டுகிறது. ஏற்பி, உள்ளே இருக்கும் ஜி புரதத்தை எழுப்புகிறது. அப்புரதத்தால் ஏவப்படும் ஒரு நொதியம், சைக்கிளிக் ஏ. எம். பி. என்னும் சிறு மூலக்கூறுகளை ஏராளமாக உண்டாக்குகிறது. இதற்கு இரண்டாம் தூதன் என்று பெயர். இதனைக் கண்டறிந்த ஏர்ல் சதர்லாந்து 1971 ஆம் ஆண்டில் நொபெல் பரிசு பெற்றார். அவர் ஆராய்ந்தது ஈரலின் கலங்களை. ஈரலில் நடப்பது மூளையிலும் நடக்குமா என்று கேட்டவர்தான் போல் கிறீன்காட்.

கிறீன்காட் கண்ட ஆளி

கிறீன்காட் மருந்து நிறுவனமொன்றில் வகித்த உயர் பதவியைத் துறந்து, 1968 ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். நரம்பின் பேச்சு மின்சாரப் பேச்சே என்று உறுதியாக நம்பியோர் நிறைந்திருந்த காலம் அது. கலத்தினுள் நடக்கும் மெதுவான இரசாயன மாற்றங்களுக்கு அங்கே என்ன வேலை என்று அவர்கள் ஐயுற்றனர். அவரோ தளராது உழைத்தார்.

இரண்டாம் தூதன் பெருகியதும் கைனேஸ் என்னும் ஒருவகை நொதியம் விழித்தெழுகிறது. அது குறித்த சில புரதங்களின் மீது பொஸ்பேற்று என்னும் சிறு கூட்டத்தை ஒட்டிவிடுகிறது. ஒட்டியதும் அப்புரதத்தின் உருவம் சற்றே மாறுகிறது. உருவம் மாறினால் தொழிலும் மாறும். வேலை முடிந்தபின் வேறொரு நொதியம் அதனைக் கழற்றிவிடுகிறது. மின்விளக்கின் ஆளியைப் போடுவதும் நிறுத்துவதும் போன்ற செயல் இது. உதாரணமாக, நரம்பு நுனியிலுள்ள சினப்சின் என்னும் புரதம் தூதுப் பைகளைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. பொஸ்பேற்று ஒட்டியதும் அதன் பிடி தளர்கிறது. பைகள் முன்னே வருகின்றன. அடுத்த மின்துடிப்பிலே கூடுதலான தூது வெளிப்படுகிறது. எதிர்க்கரையில் உள்ள ஏற்பிகளையும் வாயில்களையும் இவ்வாறே கூர்மையாக்கவோ மழுக்கவோ முடியும். மீட்டல் ஒன்றே, சுருதி மாறியதால் ஒலி வேறாகிவிடுகிறது.

கிறீன்காட்டைப் பெற்றெடுத்தபோதே அவருடைய தாயார் உயிர் நீத்தார். தமக்குக் கிடைத்த நொபெல் பரிசுப் பணத்தைக் கொண்டு, அத்தாயாரின் பெயரால் பெண் விஞ்ஞானிகளுக்கான ஒரு பரிசை அவர் ஏற்படுத்தினார் என்பதையும் இங்கு குறிப்பிடல் தகும்.

இச்சுருதி மாற்றத்தை நாம் நாள்தோறும் அனுபவிக்கிறோம். விழித்திருக்கும் நேரம் நீள நீள, மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்கிறது. அது தன் ஏற்பிகளைச் சேர்ந்து, நரம்பு நுனிகள் தூதைச் சுரக்கும் அளவைக் குறைக்கிறது, கண்கள் சொருகுகின்றன. தேநீரிலுள்ள கஃபீன் அவ்வேற்பிகளிலே தான் போய் அமர்ந்துகொண்டு, அடினோசினுக்கு இடமில்லாமற் செய்துவிடுகிறது. தேநீர் களைப்பைப் போக்குவதில்லை. களைப்பு என்னும் செய்தி காதில் விழாமற் செய்கிறது. இரவிரவாகத் தேநீர் அருந்திப் படிக்கும் மாணவர்கள் இதனைச் சிந்தித்தல் நன்று.

அசைவற்ற முயல்கள்

இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் மூலிகை சர்ப்பகந்தா. சுதேச வைத்தியர்கள் அதன் வேரை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். அவ்வேரிலிருந்து 1952 ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞர்கள் றெசேர்ப்பீன் என்னும் மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தனர். இப்பொருளை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார் அர்விட் கார்ல்சன். முயல்கள் காது தொங்கி, அசைவற்று, கல்லாய்ச் சமைந்தன. நரம்பு நுனிப் பைகளிலே சேமித்து வைக்கப்பட்டிருந்த தூதுகளை அம்மருந்து வெறுமையாக்கிவிட்டது. பின்னர் அவற்றுக்கு லெவோடோப்பா என்னும் பொருளை ஏற்றினார். மூளை அதனைக் கொண்டு டோபமைனை உண்டாக்கிக்கொள்ள வல்லது. சிறிது நேரத்தில் முயல்கள் மீண்டும் துள்ளி ஓடின. இது 1957 ஆம் ஆண்டில் வெளியான செய்தி.

டோபமைன் தானே ஒரு தூது என்று கார்ல்சன் கூறினார். 1960 ஆம் ஆண்டில் இலண்டனிற் கூடிய அறிஞர் சபை அதனை ஐயத்துடனேயே கேட்டது. ஆனால் அதே ஆண்டில் வியன்னாவிலிருந்து சான்று வந்தது. நடுக்குவாதம் எனத் தமிழிற் கூறப்படும் பாக்கின்சன் நோயால் இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்த ஒலே ஹோர்னிகீவிச், அவற்றின் உட்பகுதியில் டோபமைன் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டார். 1961 ஆம் ஆண்டில் நோயாளருக்கு லெவோடோப்பா ஏற்றப்பட்டது. படுக்கையிலிருந்து எழ முடியாதிருந்தோர் எழுந்து நடந்தனர். 1967 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் கொற்சியாஸ் என்பவர் அதனை வாய்வழியே கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். இன்றும் இந்நோய்க்கு முதன்மையான மருந்து அதுவே.

டோபமைனை நேரே கொடுத்தால் என்ன? இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு காவல் உண்டு. டோபமைனை அது உள்ளே விடாது, லெவோடோப்பாவை விடும். உள்ளே சென்றபின் லெவோடோப்பா டோபமைனாக மாறுகிறது.

இந்நோயிலே தசைகள் வலிமை கெட்டுப் போவதில்லை. அவற்றுக்குச் செல்லும் நரம்புகளும் அறுந்துபோவதில்லை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள கருநிறத் திட்டொன்றின் கலங்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. டோபமைனைச் சுரப்பவை அக்கலங்களே. அசைவுகளைத் தொடங்கிவைக்கும் பாதையை ஊக்குவதும், தடுக்கும் பாதையை அடக்குவதும் டோபமைனின் பணி. அது குறைந்ததும் கை எழத் தயங்குகிறது, நடை குறுகுகிறது, எழுத்துச் சிறுக்கிறது, முகத்தின் தசைகள் உணர்ச்சியைக் காட்ட மறுக்கின்றன. வீணையின் தந்திகள் அனைத்தும் இருக்கின்றன, பிருடைதான் நெகிழ்ந்துவிட்டது.

கடல் நத்தை கற்ற பாடம்

சுருதி குறைந்தால் நேர்வதைக் கண்டோம். சுருதி நிலைத்து நின்றால் நேர்வது யாது? அதற்கு எரிக் கண்டெலின் கதை விடை கூறுகிறது.

1938 ஆம் ஆண்டு நவம்பரில், வியன்னாவிலே, சிறுவன் எரிக்குக்கு ஒன்பதாவது பிறந்தநாள். பெற்றோர் அவனுக்கு நீல நிற விளையாட்டு மோட்டார் வண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தனர். இரண்டு நாட்களின் பின் நாற்சிகளின் ஆட்கள் வந்து கதவைத் தட்டினர். யூதர்களாகிய அக்குடும்பத்தினர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர். சில நாளில் திரும்பி வந்தபோது வீட்டிலிருந்த பெறுமதியான பொருள்களோடு அவ்விளையாட்டு வண்டியும் போய்விட்டிருந்தது. அடுத்த ஆண்டு அவன் கப்பலேறி அமெரிக்கா சென்றான். கதவு தட்டப்பட்ட அந்த ஓசை தம் நெஞ்சை விட்டு அகலவேயில்லை என முதுமையில் அவர் எழுதியுள்ளார். சில விநாடி கேட்ட ஓர் ஓசை வாழ்நாள் முழுவதும் நிலைப்பது எவ்வாறு? அதுவே அவருடைய ஆராய்ச்சியாயிற்று.

மனித மூளையின் பெருங்காட்டில் அதனைத் தேடுவது அரிது என்று கண்டு, கலிபோணியாக் கடலில் வாழும் அப்லீசியா என்னும் கடல் நத்தையை அவர் தேர்ந்தெடுத்தார். அதனிடம் ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்களே உண்டு. அவற்றுட் சில வெறுங்கண்ணுக்கும் புலனாகும் அளவு பெரியவை. நத்தையின் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் அது தன் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். வாலில் ஒருமுறை சிறு மின்னதிர்ச்சி கொடுத்தால், அதன்பின் இலேசாகத் தொட்டாலும் செவுளை வேகமாக இழுக்கும். அவ்வச்சம் சில நிமிடங்களில் மறைந்துவிடும். ஆனால் இடைவெளி விட்டு நாலைந்து முறை அதிர்ச்சி கொடுத்தால், அவ்வச்சம் நாட்கணக்கில் நிலைக்கும்.

ஒருமுறை அதிர்ச்சியடைந்தபோது நத்தையின் உடலில் நடப்பது, நாம் முன்னர்க் கண்ட அதே தொடர்தான். செரற்றோனின் வந்து தட்டுகிறது, இரண்டாம் தூதன் பெருகுகிறான், கைனேஸ் விழிக்கிறது, பொற்றாசியம் வெளியேறும் வாயில்கள் சில மூடுகின்றன. மின்துடிப்புச் சற்று நீள்கிறது. கல்சியம் கூடுதலாகப் புகுகிறது. தூது கூடுதலாகச் சுரக்கிறது. இது குறுகிய கால நினைவு. ஆளியைப் போட்டது போன்றதேயன்றி வேறன்று.

பலமுறை இடைவெளிவிட்டு நிகழும்போதோ, கைனேஸ் அவ்விடத்தில் நிற்பதில்லை. அது கலத்தின் கருவுக்குள்ளே நுழைகிறது. அங்கு கிரெப் என்னும் புரதத்தை எழுப்புகிறது. அதனைத் தடுத்து நிற்கும் மற்றொரு புரதத்தின் பிடியும் தளர்த்தப்படுகிறது. மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. புதிய புரதங்கள் உருவாகின்றன. நரம்பு நுனியிலே புதிய இணைப்புகள் முளைக்கின்றன. பயிற்றப்பட்ட நத்தையின் உணர்வு நரம்புக் கலங்களில் இணைப்புகள் ஏறத்தாழ இருமடங்காகியிருக்கக் கண்டனர். புதிய புரதம் உண்டாவதை மருந்தினால் தடுத்தபோது, குறுகிய கால நினைவு இருந்தது. நீண்ட கால நினைவு உண்டாகவில்லை. எனவே நீடித்த நினைவு என்பது வெறும் எண்ணமன்று. அஃது ஒரு கட்டட வேலை.

இது நத்தைக்கு மட்டும் உரியதன்று. 1973 ஆம் ஆண்டில் திமொதி பிளிஸ், தேர்யே லோமோ என்னும் இருவர், நோர்வே நாட்டில் முயலின் மூளையில் செய்த ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் ஒரு நரம்புப் பாதையைச் சிறிது நேரம் விரைந்து தூண்டினால், அதன் இணைப்புகள் மணிக்கணக்காக வலுப்பெற்று நின்றன. கல்சியமும் கைனேசும் அங்கும் முன்னின்று, எதிர்க்கரையிலே ஏற்பிகளின் தொகையைக் கூட்டுகின்றன எனப் பின்னர் அறியப்பட்டது. வளர்ந்தோரின் மூளைப் பாதைகள் கல்லிற் செதுக்கியவை போல மாறாதவை என்ற பழைய கருத்து இவ்வாறு தகர்ந்தது. முற்றிய மூளையும் தன் இணைப்புகளை நாள்தோறும் இறுக்கியும் நெகிழ்த்தியும் வருகிறது.

மீண்டும் அந்த வீட்டுக்கு

இனி, நாம் தொடங்கிய வீட்டுக்குத் திரும்புவோம்.

பேத்திக்கு நாம் கூறுவது இதுவே. ஒரே இரவில் பத்து முறை படிப்பது ஆளியைப் பத்து முறை அழுத்துவது போன்றது. நாளைக்குச் சற்று உதவலாம். அடுத்த மாதம் மிஞ்சியிருப்பது சொற்பமே. இன்று ஒருமுறை, நாளை மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை என இடைவிட்டுப் படித்தால், புதிய இணைப்புகளைக் கட்டுவதற்கு மூளைக்கு அவகாசம் கிடைக்கும். பகலிற் கற்றதை உறுதிப்படுத்தும் வேலையிற் பெரும்பங்கு உறக்கத்தில் நடக்கிறது. ஆதலின் உறக்கத்தை விற்றுப் படிப்பை வாங்குதல் நட்டமான வியாபாரம். நம் முன்னோர் வாய்பாட்டையும் பாடல்களையும் நாள்தோறும் சிறிது சிறிதாக ஓதுவித்த முறை, இவ்வுண்மையோடு எவ்வளவு பொருந்துகிறது!

வீட்டாருக்கும் ஒரு சொல். பாட்டனாரின் முகம் வாடியிருப்பது கோபத்தாலன்று, சோம்பலாலுமன்று. சிரிக்க நினைக்கிறார்; சிரிப்பு முகத்தை வந்தடையத் தாமதிக்கிறது. கை நடுக்கமெல்லாம் இந்நோயன்று. ஆயினும் நடுக்கத்தோடு அசைவின் தளர்ச்சியும் சேர்ந்து காணப்பட்டால், "முதுமைதானே" என்று விட்டுவிடாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். மருந்து அவருடைய கலங்கள் மடிவதை நிறுத்தாது. எனினும் நெகிழ்ந்த சுருதியைப் பல ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கும். அதனை நேரந்தவறாது கொடுப்பதும், வைத்தியரைக் கேளாமல் நிறுத்தாதிருப்பதும் வீட்டாரின் கடமை. அவர் கோப்பையை எடுக்கச் சற்று நேரமாகட்டும், அவர் பதில் சொல்லச் சற்றுத் தாமதமாகட்டும், காத்திருப்போம்.

இன்று மாலை பேத்தி தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வரட்டும். ஒரு பக்கத்தை வாசித்து, மூடிவிட்டு, பாட்டனாரிடம் ஒப்புவிக்கட்டும். பிழை விட்டால் அவர் திருத்துவார், மெதுவாகத் திருத்துவார். அடுத்த நாளும் அவ்வாறே செய்யட்டும். அவளுடைய மூளையில் புதிய இணைப்புகள் முளைக்கும். அவருக்கோ, தாம் இன்னும் ஆசிரியர்தான் என்பது தெரியும்.